‘மக்களே’ என்று கூப்பிடுவதை அப்பா நிறுத்திவிட்டார்: ஊர்ப்பேச்சைத் தொலைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மலையோரம்:

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன். இன்றைக்கு எழுதியே ஆகவேண்டும் போல இருக்கிறது. கொஞ்சம் நீளமாகப் போகும்.

எனக்குக் குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம், விளவங்கோடு தாலுகாவில் மலையடிவாரத்து ஊர். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்காரர். நான் சென்னைக்கு வந்து 11 வருடம் ஆகிறது. வந்த முதல் வாரம் விடுதியில் அறை நண்பர்களிடம், “எனக்கத் தள்ளைக்குச் சுகமில்ல, ஊருக்குப் போணும்” என்று சொன்னேன். எங்கள் பக்கம் தள்ளை என்றால் தாய். “யாரைத் தள்ளணும்?” என்று கேட்டுச் சிரித்தார்கள், அப்புறம் அந்த வருடம் முழுக்க என் பெயரே ‘தள்ளு’ என்று ஆகிவிட்டது. அம்மாவுக்குக் காய்ச்சல் என்று சொல்ல வந்தவன் நான். அடுத்து வந்த கேள்வி, “நீ மலையாளியா?” தண்ணீருக்கு வெள்ளம் என்பதும், நினைவுக்கு ஓர்மை என்பதும், ‘என்னுடைய’ என்பதற்கு ‘எனக்க’ என்பதும் அவர்கள் காதுக்கு மலையாளம். திருவனந்தபுரத்தில் சித்தி வீட்டுக்குப் போனால் அங்கே உள்ள பையன்கள் எங்களைப் ‘பாண்டி’ என்பார்கள், தமிழரைக் கேலியாகச் சொல்வது அது. இரண்டு பக்கமும் இடம் இல்லை.

ஒரே வருடத்தில் பேச்சை மாற்றிக்கொண்டேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நானேதான் செய்தேன். ஊரிலிருந்து போன் வந்தால் மாடிப்படிக்குப் போய்விடுவேன். அப்பா ஒரு முறை சிகிச்சைக்காக இங்கே வந்தபோது நர்ஸ் அவரிடம் கேட்ட எல்லாவற்றுக்கும் நானே முந்திக்கொண்டு பதில் சொன்னேன். அவர் வாயைத் திறந்துவிடக் கூடாது என்ற பதற்றம்தான் எனக்கு. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஊருக்குத் திரும்பிய பிறகு வந்த முதல் போனில், “எப்படிப்பா இருக்கே, சாப்பிட்டியா” என்று கேட்டார். டிவியில் பேசுவது மாதிரி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து. அதற்கு முன்னால் என் வாழ்க்கையில் ஒரு நாளும் அவர் என்னை ‘மக்களே’ என்றில்லாமல் கூப்பிட்டது கிடையாது. எங்கள் பக்கம் ஒரே பிள்ளையாக இருந்தாலும் மக்களே என்றுதான் கூப்பிடுவார்கள். அது நாலு வருடத்துக்கு முன்னால். இன்றுவரை அவர் என்னிடம் அப்படித்தான் பேசுகிறார்.

இப்போது ஒரு கதை எழுத உட்கார்ந்தேன், அப்பாவைப் பற்றி. அவர் பேசுகிற இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. எழுதிய வசனம் எல்லாம் சீரியல் தமிழாக இருக்கிறது. நான் இழந்தது வெறும் உச்சரிப்பு என்று நினைத்திருந்தேன். இப்போது அவரையே எழுத முடியாத ஆளாக ஆகியிருக்கிறேன். உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா, திரும்பக் கிடைத்ததா?

வைப்பாற்றங்கரை:

மலையோரம், உங்கள் பதிவை மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன், அதற்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை.

எனக்குக் கோவில்பட்டிக்குக் கிழக்கே ஊர். வீட்டில் தெலுங்கு, தெருவில் கரிசல் தமிழ். பள்ளிக்கூடத்தில் ‘நீங்க எல்லாம் வந்தேறிங்கதானே’ என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டாள், எட்டாம் வகுப்பில். வீட்டுக்கு வந்து பாட்டியிடம் இனி தெலுங்கு பேசாதே என்று சண்டை போட்டேன். பாட்டிக்கு நான் என்ன சொல்கிறேன் என்றே புரியவில்லை.

பிறகு கல்லூரியில் கி. ராஜநாராயணனைப் படித்தேன். இடைசெவல்காரர், எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். அவர் வீட்டிலும் தெலுங்குதான். கரிசல் தமிழுக்கென்று 1982இல் தனியாக ஒரு சொல்லகராதி போட்டவர், அதுவும் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட ஒரு சம்சாரி, அதாவது விவசாயி. வீட்டில் வேறு மொழி பேசிய ஒருவர்தான் தெருவின் தமிழை இவ்வளவு கவனமாகக் காதில் வாங்கியிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. 1976இல் வந்த கோபல்ல கிராமம் அந்தத் தெலுங்குக் குடியேற்றத்தின் கதையைத்தான் சொல்கிறது, அதுவும் தமிழில். அதைப் படித்து முடித்த அன்றைக்குத்தான் அந்த எட்டாம் வகுப்புச் சொல் எனக்குள்ளிருந்து போனது. பாட்டி அதற்குள் இறந்துவிட்டாள்.

உங்கள் அப்பா இருக்கிறார். அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

நடைமேடை7:

நான் கொஞ்சம் மாறுபட்டுச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கோயம்புத்தூரில் வாடிக்கையாளர் சேவைக்கு ஆட்களைப் பயிற்றுவிக்கிற வேலை எனக்கு. ஒருவர் போனை எடுத்து ‘ஒறம்பரை வந்திருக்காங்க’ (உறவுக்காரர்கள் வந்திருக்கிறார்கள்) என்று சொன்னால் மறுமுனையில் இருக்கிற வேலூர்க்காரருக்குப் புரியாது. அதனால் பொதுவான ஒரு தமிழ் தேவைப்படுகிறது. அதைக் கற்றுக்கொள்வதை இழப்பு என்று சொல்லிவிட முடியுமா? பிழைப்புக்காகக் கற்ற மொழியைக் குற்ற உணர்ச்சியாக மாற்றிக்கொண்டால், கிராமத்திலிருந்து வருகிற அடுத்த பையன் அதைக் கற்கவே பயப்படுவான். அவனுக்கு வேலை முக்கியம். நானும் அவிநாசிப் பக்கத்துக் காட்டுக்காரன் வீட்டுப் பிள்ளைதான், பகலில் ஒன்று பேசுவேன், வீட்டில் ‘என்னம்மிணி’ என்பேன். இரண்டும் நான்தான்.

அப்பா மாறியது உங்களுக்கு வருத்தம். ஆனால் அவரும் ஒரு விதத்தில் கற்றுக்கொண்டிருக்கிறார் என்று ஏன் பார்க்கக் கூடாது?

மலையோரம்:

நடைமேடை, நீங்கள் சொல்வது சரி என்றுதான் பத்து வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. உங்கள் ‘என்னங்க, ஏனுங்க’வைக் கேட்டால் ஜனங்கள் ‘என்ன மரியாதை’ என்று சொல்வார்கள், சினிமாவில் அதற்கென்று ஒரு செல்லம் உண்டு. எங்கள் பேச்சைக் கேட்டால் ‘நீ தமிழனா’ என்று கேட்பார்கள். அது வேறு கேள்வி.

1954 ஆகஸ்ட் 11ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று கேட்டு, திருவிதாங்கூர்-கொச்சி அரசை எதிர்த்து ஊர்வலம் போன ஜனங்கள் செத்தார்கள். நேசமணி தலைமையில் நடந்த போராட்டம் அது. 1956 நவம்பர் 1ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் இங்கே வந்து சேர்ந்தன. அந்த ஊர்வலத்தில் எங்கள் தாத்தாவும் போயிருக்கிறார். அவர் பேரனிடம் சென்னையில் நீ மலையாளியா என்று கேட்டார்கள், அந்தப் பேரன் தாத்தாவின் பேச்சையே மறைத்துவிட்டு ‘இல்லை, நான் தமிழ்தான்’ என்று நிரூபித்துக்கொண்டான். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இரண்டும் நான்தான் என்று நீங்கள் சொல்கிறீர்கள். எனக்கு இப்போது ஒன்றுதான் இருக்கிறது.

ஓலைச்சுவடி:

தம்பி மலையோரம், நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். தஞ்சாவூர்ப் பக்கம். உங்கள் தள்ளையைப் பற்றி ஒரு செய்தி சொல்லவேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் எச்சவியலில் ஒரு நூற்பா:

செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலத்தும்
தங்குறிப் பினவே திசைச்சொற் கிளவி.

திசைச்சொல் என்றால் அந்தந்த வட்டாரத்துச் சொல். இதற்கு எடுத்துக்காட்டு சொல்லும்போது பழைய உரைகாரர்கள், குட்டநாட்டார் தாயைத் ‘தள்ளை’ என்பர் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். குடநாட்டார் தந்தையை ‘அச்சன்’ என்பர், வேணாட்டார் தோட்டத்தைக் ‘கிழார்’ என்பர் என்று பட்டியல் போகும். வேணாடு என்பது உங்கள் சீமைதான். இவையெல்லாம் செய்யுளில் வைத்து எழுதத் தகுந்த சொற்கள் என்ற இடத்தில் வருகிற விளக்கம் இது. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நாலு வகையாகச் செய்யுளுக்குரிய சொற்களைப் பிரித்தவர்கள் திசைச்சொல்லுக்கும் அங்கே ஓர் இருக்கை போட்டுத்தான் வைத்தார்கள். விடுதியில் உங்களைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகளுக்கு இது தெரியாதது அவர்கள் குற்றமில்லை. நாங்கள் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

இங்கே நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். 31 வருடம் இந்த நூற்பாவைத் தெரிந்து வைத்துக்கொண்டே, கட்டுரை நோட்டில் பிள்ளைகள் வீட்டுச் சொல்லை எழுதினால் சிவப்பு மையால் அடித்தேன். ‘கொச்சை’ என்று ஓரத்தில் எழுதுவேன். ஒரு பையன் ‘எங்கய்யா நடவுக்குப் போயிருக்காவொ’ என்று எழுதியிருந்தான். அடித்துவிட்டு ‘தந்தையார் சென்றுள்ளார்’ என்று திருத்திக் கொடுத்தேன். அன்றைக்கு அவன் முகம் எனக்கு இப்போதும் தெரிகிறது. தேர்வுக்கு ஒரு நடை வேண்டும், அதைக் கற்பிப்பது என் கடமைதான், அதில் மாற்றமில்லை. ஆனால் அதைக் கற்பிக்க, அவன் அப்பாவின் சொல்லைத் தப்பு என்று சொல்லியிருக்க வேண்டியதில்லை. ‘இது உன் வீட்டுச் சொல், அழகான சொல், தேர்வில் இப்படி எழுது’ என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

மலையோரம்:

ஐயா, இதை அப்படியே பிரதி எடுத்து வைத்துக்கொண்டேன். ‘தள்ளை’ உரையில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியவே தெரியாது. நன்றி என்பது சின்னச் சொல்லாக இருக்கிறது.

பனங்கூடல்:

எல்லோருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். 1990இல் ஒன்பது வயதில் படகில் ராமேஸ்வரம் வந்து இறங்கினோம், மண்டபம் முகாமில் கொஞ்ச நாள், பிறகு சென்னையில் ஒரு வாடகை வீடு. இப்போது டொராண்டோவில் இருக்கிறேன்.

தம்பி மலையோரம், நீங்கள் வெட்கத்துக்காகப் பேச்சை மாற்றினீர்கள். நாங்கள் பயத்துக்காக மாற்றினோம். 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொலை நடந்த பிறகு சென்னையில் சிலோன்காரர் என்று தெரிந்தால் வீடு கிடைக்காது, போலீஸ் பதிவு, விசாரணை என்று போகும். அம்மா எங்களை உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். ‘ஓம்’ இல்லை ‘ஆமா’. ‘கெதியா’ இல்லை ‘சீக்கிரம்’. ‘வடிவு’ இல்லை ‘அழகு’. கதைக்கிறது இல்லை, பேசுகிறது. தம்பிக்கு நாலு வயது, அவனுக்கு வரவில்லை, அதனால் பஸ்ஸில் அவன் வாயை அம்மா கையால் பொத்திக்கொண்டு வருவார். விளையாட்டு என்று அவன் நினைத்துச் சிரிப்பான். அந்தச் சிரிப்பு விரல் இடுக்கால் வெளியே வருவது எனக்கு இப்போதும் கண்ணுக்குள் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் நான் நன்றாகப் பேசினேன், யாருக்கும் தெரியாது. பதினேழு வயதில் கனடா வந்தோம். இங்கே வந்து எங்கள் ஆட்களோடு வாய் திறந்தால், “நீங்கள் இந்தியாவோ?” என்று கேட்டார்கள். எட்டு வருடம் மறைத்து மறைத்து, கடைசியில் மறைப்பதற்கு உள்ளே ஒன்றும் இல்லாமல் போயிருந்தது. திரும்பக் கற்றேன். ஆம், திரும்பக் கற்கலாம், அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் அது பழைய மாதிரி வராது. எனக்கு இப்போதும் கோபம் வந்தால் சென்னைத் தமிழும், பிள்ளையைக் கொஞ்சினால் யாழ்ப்பாணத் தமிழும் வருகிறது. இதுதான் என் பேச்சு என்று வைத்துக்கொண்டேன். இதில் பொய் இல்லை.

இன்னொன்று. எங்கள் பக்கத்தில் 1960களில் இதே விஷயத்துக்குப் பெரிய சண்டை நடந்தது. கதைகளில் உழைக்கிற ஜனங்களின் பேச்சை அப்படியே எழுதிய முற்போக்கு எழுத்தாளர்களைப் பார்த்துப் பண்டிதர்கள் ‘இழிசனர் வழக்கு’ என்றார்கள். கே. டானியலின் பஞ்சமர் நாவல் 1972இல் வந்தபோது அந்த வழக்கு அப்படியே தலை நிமிர்ந்து வந்தது. அதனால் மொழியைப் பார்த்து இழிவு என்று யாராவது சொன்னால், அவர்கள் மொழியைச் சொல்கிறார்களா அதைப் பேசுகிற ஆட்களைச் சொல்கிறார்களா என்று நான் முதலில் பார்ப்பேன்.

கீழத்தெரு:

பனங்கூடல் அக்கா கடைசியாகச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன். கொஞ்சம் கடுமையாக இருக்கலாம்.

வட்டார வழக்கு, மண்ணின் மொழி, பாட்டியின் சொல் என்று எல்லோரும் உருகுகிறீர்கள். எங்கள் ஊரில் ‘வட்டார வழக்கு’ என்று ஒன்று இல்லை, மேலத்தெரு வழக்கு, கீழத்தெரு வழக்கு என்று இரண்டு இருந்தது. எங்கள் தாத்தாவை மேலத்தெருவில் பத்து வயதுப் பையன் ‘ஏய்’ என்று பேர் சொல்லிக் கூப்பிடுவான், தாத்தா அவனுக்கு ‘சாமி’ என்று பதில் சொல்வார். அதுவும் அந்த ஊர் வழக்குதான். அதைச் சொல்லகராதியில் எந்தப் பக்கத்தில் போடுவீர்கள்? நான் படித்து வெளியே வந்து ‘பொதுத் தமிழ்’ பேசக் கற்றபோது எனக்கு ஒன்றும் தொலைந்ததாகத் தெரியவில்லை. முதல் முறையாக ஒருவர் என்னை ‘நீங்க’ என்றார். அந்தச் சொல்லுக்காகவே எனக்கு நகரம் பிடித்தது.

ஆனால் இதோடு முடிக்கவும் முடியவில்லை. பாமாவின் கருக்கு 1992இல் வந்தது, எனக்குப் படிக்கக் கிடைத்தது அதற்கு ரொம்ப வருடம் கழித்து. பொதுவாக எழுதுகிறவர்கள் வசனத்தில் மட்டும் ஊர்ப்பேச்சை வைத்து, கதை சொல்கிற இடத்தில் நல்ல தமிழுக்குப் போய்விடுவார்கள். அதாவது பாத்திரம் பேசுவது எங்கள் மொழி, எழுத்தாளர் யோசிப்பது அவர்கள் மொழி. பாமா அப்படிச் செய்யவில்லை, சொல்வது, யோசிப்பது, அழுவது, கேள்வி கேட்பது எல்லாம் அந்தத் தெருப் பேச்சிலேயே. கன்னியாஸ்திரி மடத்தை விட்டு வெளியே வந்து எழுதிய புத்தகம் அது. எங்கள் அம்மா பேசுகிற மொழியில் யோசிக்கவும் முடியும் என்று எனக்குக் காட்டியது அந்தப் புத்தகம்தான். அதற்கு முன்னால் அந்த மொழி கஷ்டத்தைச் சொல்ல மட்டும்தான் ஆகும் என்று நினைத்திருந்தேன்.

அதனால் மலையோரம், நீங்கள் எழுதுங்கள். ஆனால் அப்பா யாரிடம் எப்படிப் பேசினார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தோட்ட முதலாளியிடம் அவர் ‘மக்களே’ என்றிருக்க மாட்டார்.

மலையோரம்:

கீழத்தெரு, இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுத முடியவில்லை.

நீங்கள் சொன்னது சரி. தோட்டத்தில் அப்பாவின் குரலே வேறு. சின்ன வயதில் சாப்பாடு கொண்டுபோவேன், அப்போது கேட்டிருக்கிறேன். ‘ஏமானே’ (எஜமானே) என்பார், உடம்பு கொஞ்சம் வளையும். திருவிதாங்கூர் காலத்தில் எங்கள் ஆட்கள் தங்களை ‘அடியேன்’ என்றுதான் சொல்லவேண்டும், பெண்கள் மேல்துணி போட்டுக்கொள்ளும் உரிமைக்கே பல வருடம் போராடி 1859இல்தான் அரசு உத்தரவு வந்தது. அந்தப் பேச்சுக்குள் அந்த வளைவும் இருக்கிறது, நான் அதை மறந்துவிட்டு ‘மக்களே’வை மட்டும் நினைத்து ஏங்கிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் இன்னொன்றும் புரிந்தது, இதைச் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. சென்னைக்கு வந்துபோன பிறகு அப்பா போனில் என்னிடம் பேசுகிற அந்த ஜாக்கிரதையான தமிழ், நான் எங்கோ கேட்ட குரல் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. தோட்ட முதலாளியிடம் பேசுகிற குரல்தான் அது. சொற்கள் வேறு, குரல் அதேதான். என்னை அவர் அந்த வரிசையில் வைத்துவிட்டார். வைத்தது நான்தான்.

நடைமேடை7:

மலையோரம், இதைப் படித்த பிறகு என் முதல் பதிவில் சொன்ன ஒரு வரியை திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அப்பா ‘கற்றுக்கொண்டார்’ என்று எழுதியது தப்பு. பொதுத் தமிழ் கற்பிப்பது தேவை என்பதில் மட்டும் மாறவில்லை. நாளைக்கு வகுப்பில் முதல் அரை மணி நேரம் பிள்ளைகளை அவரவர் ஊர்ப் பேச்சில் பேசவிட்டு, பிறகு பாடத்தை ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். பார்ப்போம்.

முந்திரிக்காடு:

நான் விருத்தாசலத்துக்காரன். அப்பாவின் பேச்சை எழுத வரவில்லை என்று சொல்லியிருந்தீர்கள், எல்லோரும் மனசைப் பற்றிப் பேசுகிறார்கள், நான் கைவேலையைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துக் கண்மணி குணசேகரன் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். 2007இல் நடுநாட்டுச் சொல்லகராதி போட்டார். அதை அகராதி மாதிரி வரிசையாகப் படிக்காதீர்கள், ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து படித்தால் ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒரு வேலை, ஒரு பண்டம், ஒரு சாப்பாடு நிற்கும். நான் பார்த்தவரை சொல் தனியாக ஞாபகத்துக்கு வராது, வேலையோடு சேர்ந்துதான் வரும். ‘உங்கள் ஊரில் இதற்கு என்ன சொல்வீர்கள்’ என்று பெரியவர்களைக் கேட்டால் யோசித்து யோசித்து நமக்குப் பிடித்த மாதிரி ஒன்றைச் சொல்வார்கள். ‘முந்திரிக்கொட்டையை எப்படி உடைப்பீங்க’ என்று கேட்டுவிட்டு உட்காருங்கள், சொற்கள் தானாகக் கொட்டும். அப்பாவிடம் பேச்சைப் பற்றிக் கேட்காதீர்கள், மன்னிப்பும் இப்போது கேட்காதீர்கள், அது அவரை இன்னும் ஜாக்கிரதையாக்கிவிடும். பால்வெட்டைப் பற்றிக் கேளுங்கள்.

எழுத்திலே எல்லா ஒலியையும் அப்படியே கொண்டுவர வேண்டும் என்றும் இல்லை. எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருந்தால் ஊர்க்காரனே படிக்க மாட்டான். நாலு சொல், வாக்கியம் முடிகிற விதம், கூப்பிடுகிற முறை, இது சரியாக இருந்தால் மீதியை வாசிக்கிறவன் காது போட்டுக்கொள்ளும்.

ஓலைச்சுவடி:

முந்திரிக்காடு சொல்வது நல்ல யோசனை. உங்கள் ஊர்ப் பக்கத்துக்கே ஒரு முன்னோடி உண்டு தம்பி. தேங்காப்பட்டணத்துத் தோப்பில் முஹம்மது மீரான். மலையாள வழியில் படித்தவர், தமிழ் எழுத்து கைக்கு வராது. வத்தல் வியாபாரம் பார்த்துக்கொண்டே, தமிழை மலையாள எழுத்தில் எழுதி, அதை வேறொருவர் தமிழ் எழுத்துக்கு மாற்றித்தான் ஒரு கடலோர கிராமத்தின் கதை 1988இல் புத்தகமாக வந்தது. 1997இல் அவருடைய சாய்வு நாற்காலிக்குச் சாகித்திய அகாதெமி விருது. எழுத்தே கைவசம் இல்லாதவர் தன் ஊர்ப்பேச்சை அவ்வளவு சுத்தமாகக் கொண்டுவந்தார், ஏனென்றால் காது அவரிடம் இருந்தது. நாஞ்சில் நாடனும் மும்பையில் வேலை பார்த்தபடி எழுதியதுதான் 1977இல் வந்த தலைகீழ் விகிதங்கள். ஊரை விட்டுத் தள்ளி இருப்பது எப்போதும் தடை ஆகிவிடாது.

வைப்பாற்றங்கரை:

ஊரை விட்டு விலகி இருப்பவர்களுக்குத்தான் காது கூர்மையாகிறது என்று எனக்கும் தோன்றுகிறது. ஊரிலேயே இருக்கிற என் அண்ணனிடம் பாட்டி சொன்ன ஒரு சொல்லைக் கேட்டால், ‘அப்படியா சொல்லுவாள்?’ என்கிறான்.

மலையோரம், என்ன ஆச்சு? பேசினீர்களா?

மலையோரம்:

பேசினேன். நேற்று ராத்திரி.

மாடிப்படிக்குப் போகவில்லை. அறையில் மற்ற இரண்டு பேரும் இருந்தார்கள், அங்கேயே உட்கார்ந்து பேசினேன். வழக்கம் போல ‘எப்படிப்பா இருக்கே’ என்று ஆரம்பித்தார். நான் என் பழைய பேச்சில் பேசப் பார்த்தேன், வாய் கூசியது. நடிக்கிற மாதிரி இருந்தது, அவருக்கும் அப்படித்தான் பட்டிருக்கும், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அதை விட்டுவிட்டு முந்திரிக்காடு சொன்னபடி, பட்டையில் கத்தி வைக்கிறதை எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

முதலில் ‘எதுக்குப்பா அதெல்லாம்’ என்றார். அப்புறம் மெதுவாக ஆரம்பித்தார். வெளுக்கும் முன்னால் போகவேண்டும், வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்று சொன்னார். தலையில் விளக்கு கட்டிக்கொண்டு போன காலம், மழையில் வெட்டு இல்லாமல் பட்டினி கிடந்த வாரங்கள், சிரட்டையில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலைப் பிய்த்துச் சேர்த்துவைத்து விற்று எனக்கு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கியது. அது எனக்குத் தெரியாது. பேசப் பேச எங்கேயோ ஓரிடத்தில் அந்த ஜாக்கிரதை கழன்றுவிட்டது, எந்த இடத்தில் என்று நான் கவனிக்கவில்லை. “பைய வெட்டணும் கேட்டியா, ஆழமாப் போச்சுண்ணா மரத்துக்க எலும்பு தெரியும், பின்ன அந்தப் பட்டை பொருந்தாது” என்றார். நான் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தேன். நாற்பது நிமிடம் பேசியிருக்கிறோம், இதுவரை நாங்கள் போனில் நாலு நிமிடத்துக்கு மேல் பேசியதே இல்லை. முதலாளியைப் பற்றியும் கேட்டேன், கீழத்தெரு. “அதை இப்பம் எதுக்கு” என்று சொல்லி நிறுத்திவிட்டார். அங்கே ஒரு கதவு இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

வைக்கும்போது “சரிப்பா, வச்சிடட்டுமா?” என்று மறுபடி அந்தக் குரலுக்குப் போய்விட்டார். மக்களே என்று சொல்லவில்லை.

அறை நண்பர் ஒருவர் இதை எல்லாம் கேட்டுக்கொண்டு இருந்தவர், “உங்க அப்பா பேசறது நல்லா இருக்கு, என்ன ஊரு?” என்று கேட்டார். ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

பனங்கூடல்:

தம்பி, வாசித்துவிட்டு அழுதேன். அவர் பழையபடி கூப்பிட வேண்டும் என்று காத்திருக்காதேங்கோ. என்ர அம்மா கனடா வந்தும் பத்து வருடம் பஸ்ஸில் மெதுவாகத்தான் கதைப்பார். இங்கே யாரும் எங்களைப் பிடிக்க மாட்டார்கள் என்று தெரிந்தும். நீங்கள் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்து கதையுங்கோ.

கீழத்தெரு:

அந்தக் கதவைத் தட்ட அவசரப்படாதீர்கள். எங்கள் தாத்தா சொல்லவே இல்லை, அம்மாதான் சொன்னாள், அதுவும் எனக்கு முப்பது வயது ஆன பிறகு.

மலையோரம்:

போகிறேன். பிப்ரவரியில் ரப்பர் இலை உதிர்கிற காலம், வெட்டு நிறுத்தியிருப்பார்கள், அப்பா வீட்டில் இருப்பார். பத்து நாள் லீவு கேட்டிருக்கிறேன்.

கதையை ஆரம்பத்திலிருந்து அழித்துவிட்டேன். வசனத்துக்குப் போகவே இல்லை, இப்போதைக்கு இருட்டில் அவர் மரத்துக்கு மரம் நடப்பது மட்டும் ஒரு பக்கம் வந்திருக்கிறது. வெட்டு இல்லாத நாளில் சிரட்டையைக் கம்பியில் கவிழ்த்து வைப்பார்கள், அதற்கு எங்கள் பக்கம் ஒரு சொல் உண்டு, நாக்கு நுனியில் நிற்கிறது, வரவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன். மார்த்தாண்டம், குலசேகரம் பக்கத்தவர்கள் யாராவது இதைப் படித்தால் அதற்கு முன்னாலேயே சொல்லுங்கள்.